காசு ஆருடையது, முடிவு ஆருடையது?

கொவிட் காலத்தில் பி.சி.ஆர் என்ற சொல்லைக் கேட்காத வீடு எங்கட ஊர்களில் இல்லை. அந்தப் பரிசோதனைக்குப் பயன்படும் நொதியத்தின் கதை, 1960களில் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கிடைத்த ஒரு பற்றீரியாவில் தொடங்குகிறது. அதைக் கண்டெடுத்த தோமஸ் புரொக் மருந்து தேடிப் போகவில்லை. அவ்வளவு சூட்டில் உயிர் எப்படி வாழுது என்று அறியத்தான் போனார். "உதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. ஆனாலும் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் காசு கொடுத்தது.

அந்த மன்றம் சும்மா வந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் ஆய்வுகளை வழிநடத்திய வன்னெவர் புஷ், 1945 ஜூலையில் ஓர் அறிக்கை கொடுத்தார். அடிப்படை ஆய்வுக்கு அரசு நிதி தரவேண்டும், அதை ஆளும் பொறுப்பு விஞ்ஞானம் தெரிந்தவர்களிடம் இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். செனட்டர் ஹார்லி கில்கோர் அதை ஏற்கவில்லை. மக்களின் வரிப்பணத்துக்கு மக்கள் தெரிந்தெடுத்தவர்களே பொறுப்பு, பணம் சில பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் மட்டும் முடங்கக்கூடாது என்றார்.

1947இல் புஷ்ஷின் பக்கம் சாய்ந்த சட்டமூலம் காங்கிரஸில் நிறைவேறியது. ஜனாதிபதி ட்ரூமன் அதை நிராகரித்தார். இயக்குநரை ஜனாதிபதி நியமிக்க முடியாவிட்டால் அந்தப் பணத்துக்கு ஆர் பதில் சொல்வது என்பதே அவருடைய சிக்கல்.

இழுபறி ஐந்து வருடம் நீடித்தது. அதற்குள் 1946இல் உருவான கடற்படையின் ஆய்வு அலுவலகம் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுக்கத் தொடங்கிவிட்டது. சிவில் நிறுவனம் இல்லாத இடத்தை இராணுவம் நிரப்பியது.

1950 மே மாதம் சமரசம் பிறந்தது. இயக்குநரை ஜனாதிபதி நியமிப்பார், செனட் சம்மதிக்கவேண்டும். கூடவே 24 பேர் கொண்ட சபை. எந்த ஆய்வு தரமானது என்று பார்த்துச் சொல்வது அந்தந்தத் துறை விஞ்ஞானிகளின் வேலையானது. முதல் வருட நிதி வெறும் 2,25,000 டொலர். 1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் வானேறிய பிறகுதான் கை தாராளமானது. 1959இல் நிதி 13 கோடி டொலரைத் தாண்டியது.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம். கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கு வேண்டும். பயன் தெரியாத கேள்வியைக் கேட்கும் சுதந்திரம் ஆய்வாளருக்கு வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்ட அவர்களுக்கே ஐந்து வருடம் பிடித்தது. அடுத்தமுறை ஆராவது "உதைப் படிச்சு என்ன வரப்போகுது?" என்று கேட்டால், அந்த வெந்நீர் ஊற்றை ஒருக்கா நினைத்துக்கொள்வோம்.