எண்ணுதற்கு முன் வரிசை

திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடல்வழி, தரைவழி என இரு வழிகளும், மூதூரிலிருந்து ஈச்சிலம்பற்றுக்குப் பேருந்து, மிதிவண்டி, நடை என மூன்று வகைகளும் உளவெனக் கொள்க. ஒருவன் எத்தனை விதமாகச் சென்று சேரலாம் என்பது வினா. நினைவிற் தோன்றியவாறே எழுதும் மாணவன் ஒன்றை விடுவான். மற்றொன்றை இருமுறை எழுதுவான். கடல்வழியை நிலைநிறுத்தி மூன்றையும், பின்னர்த் தரைவழியை நிலைநிறுத்தி மூன்றையும் எழுதுபவனோ, ஆறு என்னும் விடையோடு ஏழாவது இல்லை என்னும் உறுதியையும் பெறுகின்றான்.

இம்முறையைச் சிறுவர்க்குரிய உத்தியெனத் தள்ளுதல் பொருந்தாது. வரிசைமாற்றம், சேர்மானம் பற்றிய கணிதம் பாரத நாட்டிற் பெரிதும் வளர்ந்தது இவ்வாறு வரிசைப்படுத்தி எழுதியதனாலேயாம். அது வளர்ந்த களங்களுள் தலையாயது யாப்பிலக்கணம்.

தமிழ் யாப்பையே நோக்குக. அசை இரண்டு: நேர், நிரை. ஓரசைச்சீர் நாள், மலர் என இரண்டு. ஈரசைச்சீர் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு. இந்நான்கின் இறுதியில் நேர் சேரக் காய்ச்சீர் நான்கும், நிரை சேரக் கனிச்சீர் நான்கும் ஆக மூவசைச்சீர் எட்டு. ஈரசைச்சீர் நான்கனோடும் தண்பூ, நறும்பூ, தண்ணிழல், நறுநிழல் என்பன தனித்தனி கூட நாலசைச்சீர் பதினாறு. ஆகச் சீர் முப்பது. வாய்பாட்டை மனனஞ் செய்த மாணாக்கர், தாம் ஒரு முழுமையான பட்டியலை மனனஞ் செய்தமையை உணர்வதில்லை.

வடமொழியிற் பிங்கலர் செய்த சந்த நூல், குரு, இலகு என்னும் ஈரெழுத்துக்களாலாகிய வடிவங்களை எல்லாம் ஒழுங்காக விரித்தெழுதும் முறையைக் கூறிற்று. அதற்குப் பிரத்தாரம் என்பது பெயர். பட்டியலில் ஒரு வரி அழிந்துபோயின், அதன் வரிசையெண்ணைக் கொண்டே அதனை மீட்கும் முறை நட்டம் எனப்படும். மூவெழுத்துப் பட்டியலில் ஐந்தாம் வரி யாது? ஐந்து ஒற்றையெண், ஆதலின் முதலெழுத்துக் குரு. ஒன்று கூட்டிப் பாதியாக்க மூன்று, அதுவும் ஒற்றை, மீண்டும் குரு. ஒன்று கூட்டிப் பாதியாக்க இரண்டு, இரட்டையாதலின் இலகு. எனவே அவ்வரி குரு, குரு, இலகு. ஒழுங்கின்றி எழுதிய பட்டியலில் இம்மீட்பு இயலாது.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது தொல்காப்பியம் கூறும் அளவு. நான்கு மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை வகையில் நிரப்பலாம்? இறுதியிற் குறில் நிற்பன, மூன்று மாத்திரைப் பட்டியலிலுள்ள மூன்று, நெடில் நிற்பன, இரண்டு மாத்திரைப் பட்டியலிலுள்ள இரண்டு, ஆக ஐந்து. இவ்வாறே 1, 2, 3, 5, 8 என எண்கள் பெருகும். விரகாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஏமசந்திரரும் இம்மாத்திரைக் கணக்கை அறிந்திருந்தனர். பீசா நகரத்து இலெயொனார்தோ முயற்கணக்கின் வாயிலாக இவ்வெண்களைக் கூறிய நூல் 1202இல் எழுந்தது. 1356இல் நாராயண பண்டிதர் தம் கணிதகௌமுதியில் இத்துறையை மேலும் விரித்தார்.

பத்து அசைகளை அடுக்கின் 1024 வடிவங்கள் தோன்றும். அவற்றை எழுதி எண்ணுதல் வீண். ஆண்டு விதி வேண்டும். ஆனால் அவ்விதி, நான்கையும் எட்டையும் பதினாறையும் ஒழுங்காக எழுதிக் கண்டவர்க்கே பொருளோடு விளங்கும். விதியை மட்டும் பெற்ற மாணவன், வினா சிறிது மாறியவழி எதனைப் பெருக்குவது, எதனைக் கூட்டுவது என்று மயங்குகின்றான். ஆதலின் ஆசிரியர் பட்டியலை முன்னும் விதியைப் பின்னுமாகக் கற்பித்தல் நன்று. முன்னோர் சென்ற நெறியும் அதுவே.