உலு யாம் காட்டில் கூடாரம்: சோலார் தகடு உங்கள் கைப்பேசிக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பள்ளி விடுமுறை வந்தால் பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் மலைப்பாதையில் கூடாரம் ஏற்றிய கார்களைப் பார்க்கலாம். சுங்கை செண்டாட், பத்தாங் காலி, இன்னும் மேலே கோலா குபு பாரு என்று ஆற்றோரம் தேடிப் போகிறவர்கள் பலர். மடித்து வைக்கும் சோலார் தகடு ஒன்றையும் சிலர் இப்போது கையோடு கொண்டு போகிறார்கள். “மலேசியாவில் வெயிலுக்கா பஞ்சம்?” என்பது அவர்கள் கணக்கு.

வெயிலுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் காட்டுக்குள் அது கீழே வந்து சேர்வதில்லை.

சோலார் தகட்டில் சிறு சிறு செல்கள் சங்கிலி போல ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு செல் மீது இலை நிழல் விழுந்தாலே சங்கிலி முழுவதும் ஓடும் மின்சாரம் குறைந்துவிடும். மரத்தடியில் நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும். கண் பழகிக்கொள்ளும், தகடு பழகாது. 20 வாட் என்று எழுதிய தகடு திறந்தவெளியில் நேர் வெயிலில் 12 முதல் 15 வாட் கொடுத்தால் நல்ல தகடு. காட்டு நிழலில் கைப்பேசி ‘சார்ஜ் ஏறுது’ என்று காட்டும், சதவீதம் மட்டும் நகராது.

அப்படியானால் வானம் திறந்திருக்கும் இடம் எது? பெரும்பாலும் ஆற்றின் நடுவே உள்ள பாறைகள்தான். தகட்டை அங்கே விரித்து, பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து காவல் காப்பது வழக்கம். ஆபத்தும் அங்கேதான். கெபாலா ஆயர் என்று எல்லோரும் சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு, நாம் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாதபோதும் வரும். மேலே மலையில் கொட்டிய மழை சில நிமிடங்களில் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். தகடு போனால் போகட்டும். அதை எடுக்கத் திரும்பி இறங்க வேண்டாம்.

தகடு வைக்கச் சரியான இடம் கார் நிறுத்துமிடம் அல்லது முகாமின் திறந்த புல்வெளி. காரின் கண்ணாடிக்குள் வைப்பது சரிவராது: கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுக்கும், உள்ளே ஏறும் சூடு பேட்டரியைக் கெடுக்கும். பொதுவாக 45 டிகிரி செல்சியசுக்கு மேல் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. தகடு வெயிலில், பவர் பேங்க் அதன் நிழலில். இப்படி வைத்தால் போதும்.

நேரமும் முக்கியம். நம் கடிகாரப்படி இந்தப் பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சுமார் 1.15 மணிக்கு. பிற்பகல் வெயிலும் கிடைக்கும் என்று நினைக்கலாம். ஆனால் மலையடிவாரத்தில் மூன்று, நான்கு மணிக்கெல்லாம் இடி மழை பிடித்துக்கொள்ளும், அதிலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில். ஆகவே காலை 10 முதல் பிற்பகல் 2 வரைதான் நம்பக்கூடிய நேரம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நண்பகலில் தகட்டைக் கிட்டத்தட்ட படுக்கையாகவே போடலாம். காலையில் மட்டும் கிழக்கே கொஞ்சம் சாய்த்து வையுங்கள்.

இனி கணக்கு. 5,000 எம்ஏஎச் கைப்பேசி பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி அடங்கும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் சுமார் 74. நான்கு தடவை சார்ஜ் போடலாம் என்று தோன்றும். மின்னழுத்தத்தை மாற்றும்போதும் சூட்டிலும் கணிசமான பங்கு போய்விடுவதால் கிடைப்பது இரண்டரை, மிஞ்சினால் மூன்று தடவை. 20 வாட் தகடு மூன்று மணி நேர நல்ல வெயிலில் சுமார் 40 வாட்-மணி தரும். இழப்பு போக, ஒன்றரை கைப்பேசிக்குத் தேறும்.

ஆக, சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர்களுக்குத் தகடே தேவையில்லை. வீட்டில் முழுசா சார்ஜ் போட்ட பவர் பேங்க் ஒன்று போதும், காசும் மிச்சம். மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்குத்தான் தகடு பயன்படும்.

முதுகில் குட்டித் தகடு ஒட்டிய பவர் பேங்குகளை வாங்குமுன் யோசியுங்கள். அந்த அளவுத் தகடு ஒன்று, ஒன்றரை வாட்தான் தரும். 20,000 எம்ஏஎச் நிரம்ப 50 மணி நேர நேர் வெயில் வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்றாலும் ஏறக்குறைய இரண்டு வாரம். பேட்டரியையும் சேர்த்து வெயிலில் காயப்போடுவது அதைவிட மோசம்.

கைப்பேசியைத் தகட்டில் நேரடியாகச் செருகாதீர்கள். மேகம் கடக்கும்போதெல்லாம் சார்ஜ் நின்று நின்று ஓடும், திரை விழித்து விழித்து இருந்த சார்ஜையும் தின்னும். பகலில் தகட்டிலிருந்து பவர் பேங்குக்கு, மாலையில் அங்கிருந்து கைப்பேசிக்கு என்பதே முறை.

இவ்வளவும் எதற்கு, இரண்டு நாள் கைப்பேசி இல்லாமல் இருந்தால் என்ன? இருக்கலாம், நல்லதும்கூட. ஆனால் 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின் மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். அப்போது எல்லோரும் தூங்கும் நேரம். இருட்டில் சோலார் தகடு எதற்கும் உதவாது. ஆகவே இருட்டுமுன் குழுவில் ஒரு கைப்பேசியையாவது முழுசா நிரப்பித் தனியே வையுங்கள். அதில் படம் பார்க்க வேண்டாம், பாட்டும் வேண்டாம்.

பள்ளத்தாக்கில் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி கரையும் என்பதால், மற்ற கைப்பேசிகளை விமானப் பயன்முறையில் போட்டு வையுங்கள். கூடாரம் அடிக்குமுன்னே எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எண் 999. கைப்பேசியிலிருந்து 112 அழைத்தாலும் அங்கேயே போகும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அதன் வழியே இந்த அழைப்பு போகும். எந்தச் சிக்னலும் இல்லாத இடமென்றால், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.