இலை போடும் பாயிண்ட்

கிழங்கு லாரி சேகோ ஆலைக்குள் வந்து நின்றதும் பாயிண்ட் பார்ப்பார்கள். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை உருவி, மண் போகத் தட்டி, தராசில் நிறுத்துக்கொள்வார்கள். அதே கிழங்கைத் தண்ணீருக்குள் முக்கி மறுபடி நிறுப்பார்கள். தண்ணீருக்குள் எடை கூட நின்றால் கிழங்கில் மாவு கூட. அந்தக் கணக்கில் வருவது பாயிண்ட். 28 என்றால் கொண்டுவந்தவர் தெம்பாக நிற்பார். 22 என்றால் பேச்சே எழாது. விலை, பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான்.

ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம், ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். குச்சியை வெட்டி நட்டால் முளைக்கிற பயிர். நட்டு எட்டு, பத்து மாதம் கழித்து ஆலை வாசலில் சொல்லப்படும் அந்த எண், செடியின் இலைகள் அத்தனை நாளும் என்ன வேலை பார்த்தன என்பதற்கான கணக்கு. ஒளிச்சேர்க்கை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்த சங்கதிக்கு இங்கே எண்பது வருஷமாகச் சந்தை நடக்கிறது.

செடி வந்தேறிதான். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், பஞ்ச காலத்தில் வயிறு காக்கும் என்று அதைப் பரப்பினார். சேகோ ஆலைகள் செய்யும் ஜவ்வரிசி வந்த வழி வேறு. மலேயா, ஜாவா பக்கம் சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுத்த மாவில் உருட்டி, கப்பலில் வந்த பண்டம் அது.

இரண்டையும் சேலத்தில் சேர்த்து வைத்தது உலகப்போர். 1942இல் பர்மாவும் மலேயாவும் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போயின. அரிசிக் கப்பலும் நின்றது, ஜவ்வரிசிக் கப்பலும் நின்றது. கேரளத்துக்கு வியாபாரமாகப் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியாரின் கண்ணில் மரவள்ளி மாவு பட்டது. பினாங்கிலிருந்து வந்திருந்த பொபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் பக்குவம் தெரிந்திருந்தது. 1943இல் தொழில் தொடங்கியது.

எல்லாம் கைவேலை. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, துணியில் பாலை வடித்துத் தெளியவிடுவார்கள். அடியில் படிந்த மாவைத் தூளி மாதிரி கட்டிய துணியில் போட்டுக் குலுக்கினால் ஈரமாவு மணிமணியாகத் திரளும். சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி. எஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.

அடுத்த வருஷமே சிக்கல் வந்தது. 1944இல் உணவுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. மக்கள் சாப்பிட வேண்டிய கிழங்கு மாவாகி வெளியூர் போகக் கூடாதென்று மாவட்ட ஆட்சியர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கம் கூடி, மேலிடத்தில் முறையிட்டுத் தடையை நீக்க வைத்தார்கள். பிறகு குலுக்கவும் சலிக்கவும் இயந்திரம் வந்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது கிழங்குக் காடும் ஆலைகளும் இரண்டு மாவட்டத்துக்குமாகப் பங்காயின. மகாராஷ்டிரத்தில் ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் கிண்டும் சாபுதானா கிச்சடிக்கு இங்கிருந்துதான் சரக்கு போகிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலை பிரித்தெடுக்கும் மாவைத் தயாரிப்பது இலை. அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. வேர் ஏற்றிய தண்ணீரை வெயிலின் வலுவால் பச்சையம் பிளக்கிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. மிச்சத்தில் கரியமில வாயுவைச் சேர்த்து இலை சர்க்கரை கட்டுகிறது. பகலில் தேவைக்கு மேல் சேர்வதை மாவாக்கி இலையிலேயே வைத்துக்கொள்ளும். இரவில் அது மறுபடி சர்க்கரையாகிக் கீழிறங்கும். கிழங்குக்குள் போய் மீண்டும் மாவாகும். வெயில் பட்ட இலையில் மாவு சேர்வதை 1860களில் அயோடின் போட்டுக் காட்டியவர் ஜெர்மானியரான யூலியஸ் சாக்ஸ். வேகவைத்த ஜவ்வரிசியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் அதே கருநீலம் வரும்.

காற்றில் கரியமில வாயுவின் அளவு ஏறக்குறைய 0.04 சதவீதம். ஒரு கிலோ மாவு கட்ட அந்த வாயு 1.6 கிலோ வேண்டும். கணக்குப் பார்த்தால் 2,000 கனமீட்டருக்கும் மேலான காற்றிலிருந்து அதைத் திரட்டியாக வேண்டும்.

இந்த வேலையின் வேகத்தை எது கட்டுப்படுத்துகிறது என்ற கேள்விக்கு 1905இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிளாக்மன் விடை சொன்னார். நாமக்கல்காரர்களுக்கு அதைக் கொல்லிமலைப் பாதையில் விளக்கிவிடலாம். 70 கொண்டை ஊசி வளைவிலும் முன்னால் ஊர்கிற லாரிதான் பின்னால் வரும் அத்தனை வண்டிக்கும் வேகம் வைக்கும். அது ஒதுங்கி வழிவிட்டால் வேகம் கூடும், அடுத்த மெதுவான வண்டி வருகிற வரைக்கும். வெளிச்சம், கரியமில வாயு, வெப்பம் என்று எல்லாம் தேவை. ஆனால் ஒரு நேரத்தில் எது குறைவோ அதுதான் வேகத்தைப் பிடித்து வைக்கும். மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் வெயிலுக்குக் குறைவில்லை. இங்கே முன்னால் ஊர்கிற லாரி பெரும்பாலும் தண்ணீர். அதிலும் மரவள்ளிக்கு ஒரு குணம் உண்டு. கோடையில் மதியம் காட்டுக்குள் போனால் கை விரித்தாற்போன்ற இலைகள் தலை தொங்கிக் கிடப்பது தெரியும். வெயிலை நேராக வாங்காமல் சாய்த்துக்கொள்ளும் வித்தை அது. 1980களில் கொலம்பியாவில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தில் எல்-ஷர்காவியும் கூட்டாளிகளும் இன்னொன்றைக் கண்டார்கள். மண்ணில் ஈரம் இருந்தால்கூட, காற்று வறண்டாலே மரவள்ளி இலை துளையை மூட ஆரம்பித்துவிடும். தண்ணீர் மிச்சம். ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவுக்கும் கதவு அடைப்பு. தண்ணீர்ப் பஞ்சம் இலைக்குள் காற்றுப் பஞ்சமாகிறது. செடி சாகாது, கிழங்கு பெருக்காது.

அடுத்த தடை நிறத்தில் தெரியும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலத்தில் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. இரும்பில்லாமல் பச்சையம் உருவாகாது. கொழுந்து வெளுத்து மஞ்சளாகும். அதற்குத்தான் அன்னபேதிக் கரைசல் தெளிக்கிறார்கள். தேமல் நோய் வேறு ரகம். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-226 ரகம் இந்தப் பக்கம் நன்றாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் தேமலுக்கு எளிதில் ஆளாகிறது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், இலையைச் சுருட்டி, பச்சையைத் திட்டுத் திட்டாகத் தின்றுவிடும். நோய் கண்ட செடியின் குச்சியையே அடுத்த போகத்துக்கும் நட்டால் நோயும் கூடவே நடப்படும்.

2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சீக்கிரமே இங்கும் பரவி, நுனிக் கொழுந்துகளைக் குடலையாகச் சுருட்டியது. ஆப்பிரிக்காவில் 1980களில் அதை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

இத்தனையும் தாண்டி, அறுவடைக்கு நிற்கிற காட்டில் திடீரென்று மழை பெய்தால் என்ன ஆகும்? கோடையில் இலை உதிர்த்து நின்ற செடி ஈரம் கண்டதும் துளிர்க்கும். புது இலை விரிந்து சொந்தமாகச் சம்பாதிக்கும் வரை அதற்குச் சாப்பாடு கிழங்கில் சேர்த்து வைத்த மாவிலிருந்துதான் போகும். கிழங்குக்குள் தண்ணீரும் ஏறும். நல்ல மழைக்கு மறுவாரம் ஆலைகளில் பாயிண்ட் இறங்கும். அதனால் பக்கத்துக் காட்டுக்காரர் வானத்தைப் பார்த்துக் கும்பிடும் அதே மழைக்கு, குச்சிக்கிழங்கு போட்டவர் போனை எடுத்து புரோக்கரைக் கூப்பிடுவார், துளிர் விடுவதற்குள் ஆளும் லாரியும் கிடைக்குமா என்று கேட்க.