பீப் சத்தம் கேட்டால் என்ன செய்வம்?

“காசு தேட எந்த மெட்டல் டிடெக்டர் நல்லம்?” அரியாலையில் அத்திவாரம் வெட்டேக்க ஒரு பழைய செப்புக்காசு கிடைச்ச நண்பர் எங்களிட்டக் கேட்ட கேள்வி இது. சரி, முதலில் கருவிகளையே ஒப்பிட்டுப் பார்ப்பம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுருளில் ஓடும் மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்கும். அது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும். அதைக் கருவி உணர்ந்து ‘பீப்’ போடும். கரெட் ஏஸ் 250 போன்ற ஆரம்பநிலைக் கருவி 6.5 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் இயங்கும். விலை குறைவு, பழகவும் சுகம். ஆனால் ஈரமான உப்புமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும் எண்டதால் கடனீரேரிப் பக்கம் சும்மா சும்மா கத்தும். மைன்லாப் ஈக்வினொக்ஸ் 800 ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும், உப்புமண்ணைச் சமாளிக்கும். அரியாலைக் கரைக்கு இதுதான் பொருத்தம்.

ஆனால் இந்தக் கருவியின் வரலாறு காசில் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் யோசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி கையில் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி தேடும் கருவியை வடிவமைத்தார். 1942 எல் அலமெயின் சண்டையில் பிரித்தானியப் படை அதைப் பாவித்தது. போர் முடிய, மிஞ்சிய இராணுவக் கருவிகள் பொழுதுபோக்குக்குத் தேடுவோரின் கைக்குப் போயின. எங்களுக்கோ இண்டைக்கும் டிடெக்டர் எண்டால் முகமாலையில் முழங்காலில் இருந்து வெடி தேடும் பெண்கள்தான் ஞாபகம். இங்க ‘பீப்’ எண்டால் காசாகவும் இருக்கலாம், வெடிக்காத ஷெல்லாகவும் இருக்கலாம்.

மண்ணுக்குள் காசு இருக்கு எண்டது உண்மைதான். யாழ்ப்பாண அரசர்கள் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் பொறித்த காசுகளை வெளியிட்டவை. நூறு வருசத்துக்கு முன் போல் பீரிஸ் கந்தரோடையில் ஆராய்ந்தபோது உரோம நாணயங்களும் கிடைத்தன. ஆனால் 1980 ஆனைக்கோட்டை அகழ்வை யோசியுங்கோ. பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் ‘கோவேத’ எனப் பிராமியில் எழுதிய சின்ன உலோக முத்திரை கிடைத்தது. புதைகுழியோடு சேர்த்துப் பதிவானபடியால்தான் அது வரலாறு. யாரோ ஒருவர் டிடெக்டரோடு வந்து தோண்டி எடுத்திருந்தால் அது வெறும் உலோகத் துண்டு.

1992இல் இங்கிலாந்தில் ஹொக்ஸ்ன் என்ற ஊரில் எரிக் லோஸ் என்பவர் நண்பரின் தொலைந்த சுத்தியலை டிடெக்டரால் தேடப் போய், உரோமப் புதையலைக் கண்டார். முழுவதையும் கிண்டாமல் நிறுத்தித் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து எடுத்த நாணயங்கள் ஏறத்தாழ 15,000. எது எதோடு, எப்படி அடுக்கிப் பெட்டிக்குள் இருந்தது எண்டதும் தெரிய வந்தது. அந்தச் சுத்தியலும் இப்ப பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கு.

இதை அரியாலையில் இருந்து எழுதேக்க கை கொஞ்சம் நடுங்குது. 2025 பெப்ரவரியில் இங்க சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. பிறகு 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு பிள்ளையின் புத்தகப்பை, விளையாட்டுப் பொம்மை. ஓகஸ்ட் 5இல் அந்தப் பொருட்களை அடையாளம் காணச் சனம் வரிசையில் வந்தது. ஒரு பொருள் எந்த எலும்போடு கிடந்தது என்ற பதிவு இல்லாவிட்டால் அது சாட்சி சொல்லாது. சேதுக் காசுக்கும் அதே விதிதான்.

சட்டமும் இருக்கு: 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். யாரிட்டச் சொல்லுறது எண்ட தயக்கம் எங்களுக்கும் இருக்கு. எண்டாலும் கிடந்த இடத்திலேயே படம் எடுக்கலாம், ஆழத்தை அளந்து எழுதலாம், பல்கலைக்கழகத் தொல்லியல் ஆக்களிட்டக் கேக்கலாம்.

நண்பருக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: டிடெக்டர் வாங்க வேண்டாம். அந்தக் காசு எந்த மூலையில், எத்தனை அடியில் கிடந்தது எண்டு மறக்க முதல் எழுதி வையுங்கோ.