வளாகம் முந்தியது, ரயில் பிந்தியது

புக்கிட் பாத்தோக்கிலிருந்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வரும் மாணவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், நேயர்களே. ரயிலேறி ஜூரோங் ஈஸ்ட்டில் மாற வேண்டும். அங்கிருந்து மூன்றாவது நிலையம் பூன் லே. அதற்குப் பிறகு 179ஆம் எண் பேருந்துக்கு வரிசை. இரண்டு இடங்களும் தீவின் மேற்கில்தான் இருக்கின்றன. பிறகு ஏன் இத்தனை மாற்றம்? பதிலைத் தேடினால் 1953ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டில்தான் தொழிலதிபர் டான் லார்க் சை, சீன மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்று குரல் கொடுத்து, தம் பங்காக 5 மில்லியன் வெள்ளி தர முன்வந்தார். அவர் தலைமையிலான ஹொக்கியன் சங்கம் ஜூரோங்கில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடுத்தது. டிரைஷா ஓட்டுநர்களும் அங்காடி வியாபாரிகளும் ஒரு நாள் வருமானத்தை அள்ளிக் கொடுத்த கதை மூத்த தலைமுறைக்குத் தெரியும். அரசாங்கம் வரைபடம் போட்டுத் தேர்ந்தெடுத்த இடமல்ல அது. சமூகத்தின் கையில் இருந்த நிலம். சுற்றிலும் தோட்டமும் கம்பமும்தான். ஜூரோங் தொழிற்பேட்டையின் வேலையே 1961ல்தான் தொடங்கியது.

1956ல் நன்யாங் பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் ஆரம்பமாயின. 1958 மார்ச் 30ஆம் தேதி திறப்பு விழா. கூட்டம் அலைமோதியது; ஜூரோங் சாலையில் வாகனங்கள் மைல் கணக்கில் நின்றன. அதை ஒரு நாள் கூத்து என்று விட்டுவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலம் இருந்தால் மட்டும் போதாது, அங்கே போய்ச் சேர வழியும் வேண்டும் என்று ஊருக்கே தெரிந்துபோன நாள் அது.

நம்மவர் பக்கமும் அதே ஐம்பதுகளில் ஒரு முயற்சி நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார் கோ. சாரங்கபாணி. அப்போது அந்தப் பல்கலைக்கழகம் புக்கிட் தீமாவில் இருந்தது. கோலாலம்பூரில் வளாகம் எழுந்ததும் இந்திய ஆய்வியல் துறை அங்கே போய்விட்டது. அத்துறையில் படிக்க விரும்பிய சிங்கப்பூர் மாணவர் ஜோகூர்ப் பாலத்தைத் தாண்ட வேண்டியதாயிற்று.

அரசாங்கமே திட்டமிட்ட வளாகம் என்றால் அது கெண்ட் ரிட்ஜ். நெதர்லாந்து நகரமைப்பாளர் வான் எம்டன் 1970ல் அதற்குப் பெருந்திட்டம் வகுத்தார். குன்றின் வளைவை ஒட்டிக் கட்டடங்கள், அவற்றை இணைக்கும் நடைபாதைகள் என்று சிந்தித்துச் செய்த வேலை. 1980ல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் இணைக்கப்பட்டு, தேசியப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. ஜூரோங் வளாகம் அடுத்த ஆண்டு நன்யாங் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கிடைத்தது. 1991ல் அது பல்கலைக்கழகமானது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் தேசியக் கல்விக் கழகமும் அங்கே குடிபெயர்ந்தது. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் பயிற்சி பெறுவதும் அங்கேதான்.

ரயில் மட்டும் வரவில்லை. 1990ல் பூன் லேயை எட்டிய தடம், வளாகத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பாகவே நின்றுவிட்டது. அதே ஆண்டில்தான் புக்கிட் பாத்தோக் நிலையமும் திறந்தது. அவ்வளவு அழகாகத் திட்டமிட்ட கெண்ட் ரிட்ஜுக்கும் 2011ல்தான் வட்டப் பாதை வந்தது. நிலையம் மருத்துவமனைப் பக்கம் இருப்பதால் மாணவர்கள் அதன் பிறகும் வளாகப் பேருந்தைப் பிடிக்கிறார்கள்.

நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 2005ல் அது நகர மையத்துக்கே வந்தது. ஐந்தாண்டில் பிராஸ் பாசா ரயில் நிலையமும் திறந்தது. பக்கத்திலிருந்த பழைய தேசிய நூலகம் அதற்கு முன்பே, 2004 மார்ச் மாத இறுதியில் மூடப்பட்டு, ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. அந்தச் செங்கல் கட்டடத்தில் படித்த தலைமுறைக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. நகரத்தில் நிலம் சும்மா கிடைப்பதில்லை.

பொங்கோலைப் பாருங்கள். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் புதிய வளாகம் 2024ல் இயங்கத் தொடங்கியது. பொங்கோல் கோஸ்ட் நிலையம் அதே ஆண்டு டிசம்பரில் திறந்தது. வளாகம், தொழில் வட்டாரம், ரயில் மூன்றையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மேற்கில் மட்டும் ஏன் இவ்வளவு காலம் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. நிலம் கொடுத்தவர்களை இதில் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். அதை நகரத்தோடு இணைப்பது அவர்களுக்குப் பின் வந்தவர்களின் வேலை.

இப்போது ஜூரோங் வட்டார ரயில் பாதை கட்டப்பட்டு வருகிறது. 2027 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். புக்கிட் பாத்தோக் வெஸ்ட் என்று நம் வட்டாரத்துக்கும் அதில் ஒரு நிலையம் உண்டு. நன்யாங் வளாகத்தைத் தொடும் பகுதி கடைசிக் கட்டத்தில், 2029ல் வருகிறது. அதற்குள், இன்று பூன் லேயில் வரிசையில் நிற்பவர்களில் பலர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.