இரத்தத்தின் சாட்சியம்

மருத்துவ வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் வம்சாவளியாக எழுதுவதே வழக்கம். லூபஸ் நோய்க்கான இரத்தச் சோதனையின் கதையையும் அப்படித்தான் சொல்கிறார்கள்: 1948இல் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸும் சகாக்களும் எல்.ஈ. செல்லைக் கண்டார்கள், 1957இல் டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி பிடிபட்டது. அப்புறம் எல்லாம் சுபம். எனக்கு இந்தக் கதையாடலுக்கு வெளியே நிற்பவர்கள்தான் முக்கியம்.

1906இல் பெர்லினில் வாஸர்மன் கொண்டுவந்த சோதனை சிபிலிஸுக்கானது. மேகநோய் என்று நம்மூரில் தாழ்ந்த குரலில் சொல்வார்களே, அதுதான். அதன் வழிவந்த சோதனைகள் கிருமியைத் தேடவில்லை. மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருளோடு வினைபுரியும் ஆன்டிபாடியைத் தேடின. லூபஸ் உள்ளவர்களில் சிலரின் இரத்தத்திலும் அந்த ஆன்டிபாடி உண்டு. சோதனைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 1935இல் கனெக்டிகட் தொடங்கி, அமெரிக்க மாநிலங்கள் பல கல்யாணத்துக்கு முன்பு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கின. லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருவது. என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: தன் உடலே தனக்கு எதிராகத் திரும்பியவள்மீது ஒழுக்கங்கெட்டவள் என்ற பெயரை ஆய்வுக்கூடம் எழுதிவிடுகிறது. விஞ்ஞானம் எழுதியதை யார் மறுப்பது?

1949இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நெல்சனும் மேயரும் கிருமியையே நேராக வைத்துச் சோதிக்கும் முறையைக் கண்டபின்தான் இந்தப் பொய்ச்சாட்சி அம்பலமானது. அங்கேயே மூரும் லட்ஸும் இப்படித் தவறாகக் குறிக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 1955இல் எழுதினார்கள்; அவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வெளிப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், 1971இன் லூபஸ் வரையறையில் இந்தப் பொய்யான சிபிலிஸ் முடிவே ஓர் அளவுகோலாகச் சேர்ந்துகொண்டது. களங்கம் தடயமாகிவிட்டது.

1966இல் டான், குங்கெல் இருவரும் அடையாளம் கண்ட 'எஸ்.எம்.' ஆன்டிபாடிக்கு அந்தப் பெயர் ஒரு நோயாளியின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. 'ரோ', 'லா' ஆன்டிபாடிகளும் அப்படியே. கண்டுபிடித்தவருக்கு முழுப்பெயர், இரத்தம் கொடுத்தவருக்கு இரண்டெழுத்து.

இன்றைக்கு டி.என்.ஏ. ஆன்டிபாடி ஏறுகிறதா, சி3, சி4 இறங்குகிறதா என்று பார்த்துச் சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்தை ஊகிக்கிறார்கள். பயனுள்ள வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏ.என்.ஏ. 'பாசிட்டிவ்' என்ற சீட்டைப் பார்த்ததுமே இடிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். 1:40 நீர்த்தலில் ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய மூணில் ஒருத்தருக்கு அது வரும். 2019இன் ஐரோப்பிய-அமெரிக்க விதிகளும் 1:80ஐ நுழைவாயிலாக மட்டுமே வைக்கின்றன. அதற்கப்புறம் தோலும் மூட்டும் சிறுநீரகமும் பேசியாக வேண்டும்.