பகைவனின் பகைவன்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சைப் பந்தலின் கீழ் நின்று பாருங்கள். குலையில் வெண்மாவு அப்பினாற்போல் தெரிந்தால், மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று பொருள். உடனே கை மருந்தைத் தேடும். ஆனால் மெழுகுப் போர்வைக்குள் பதுங்கிய பூச்சியை விஷம் எளிதில் எட்டாது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுதான் மடியும்.

விஷத்துக்கு மாற்று தேடியவர்களில் ஒருவர் ஆர். ஜே. ரபீந்திரா. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், 1980களில், எஸ். ஜெயராஜுடன் சேர்ந்து காய்ப்புழுவைக் கொல்லும் வைரஸை ஆராய்ந்தார். வைரஸ் தெளித்த இலையைத் தின்ற புழு சில நாளில் தலைகீழாகத் தொங்கி, உடல் நீராகிச் சாகும். வெயில் வைரஸைக் கெடுத்துவிடும். ஆகவே மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் பாழாக்கிற்று. 2010இல், பெங்களூரில் அவர் இயக்குநராயிருந்த தேசியப் பூச்சி ஆராய்ச்சி நிலையம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகினும் சிறிய குளவிகளைத் தருவித்தது. மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே அவை முட்டையிடும். தோட்டங்களில் விட்டார்கள், பூச்சி அடங்கியது.

கம்பத்துத் திராட்சைக்கு அந்தக் குளவி உதவாது, அதற்குப் பொறிவண்டு. எந்தப் பகைவனுக்கு எந்தப் பகைவன் என்றறிவதே இந்தச் சாஸ்திரம். நிபந்தனை ஒன்றுதான்: அவற்றை விட்டபின் விஷம் தெளிக்கக் கூடாது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவரிடம் ‘சற்றுப் பொறுங்கள்’ என்பது லேசான காரியமா? பூச்சியை வெல்வதைவிட நம் அவசரத்தை வெல்வதுதான் கஷ்டம்.